எம்பிடி, எம்ஓடி, ஸ்பீச் தெரபி... ஃபீஸ் கட்டும் முன் இதைப் பாருங்க!

பக்கவாதம் வந்தவரை மறுபடி நடக்க வைப்பவர் பிசியோதெரபிஸ்ட். அவரே சட்டை பட்டன் போட, சாப்பிடப் பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேச்சு குழறினால் ஸ்பீச் தெரபிஸ்ட். மூணும் ஒண்ணுன்னு நினைச்சா சிக்கல்தான்.

சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் எம்பிடி, எம்ஓடி படிப்புகள் உள்ளன. இரண்டுமே 2 ஆண்டுகள். எம்பிடிக்கு பிபிடி, எம்ஓடிக்கு பிஓடி முடித்திருக்கணும். மாத்திச் சேர முடியாது. எம்பிடியில் எலும்பு மூட்டு, நரம்பியல் என ஏதாவது ஒரு பிரிவைத் தேர்வு செய்யணும். நோயாளிகளோடுதான் பெரும்பாலான நேரம் போகும். ஆய்வேடும் உண்டு.

பலரும் கோட்டை விடுவது பதிவு விஷயத்தில். ஸ்பீச் தெரபி, செவித்திறன் பரிசோதனை, செயற்கைக் கால் தயாரிப்பு எல்லாம் 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் கீழ் வரும். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1 ஆண்டு வரை சிறைகூட கிடைக்கலாம். பிசியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் இதில் சேராது. அவற்றுக்கு 2021-ல் வந்த தனிச் சட்டம்.

அதனால் ஸ்பீச் தெரபியில் முதுநிலை சேர்பவர்கள், கல்லூரி பெயர் அந்த கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கான்னு முதலில் பாருங்க. இல்லைன்னா பட்டம் கையில் இருந்தும் பதிவு கிடைக்காது.