யாரும் சீந்தாத, பொதுமக்களுக்கான முதல் குறியீட்டு நிதி

1976 ஆகஸ்டில் அமெரிக்காவின் வேன்கார்டு நிறுவனம் ஒரு புதுவகை நிதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எந்தப் பங்கு ஏறும் என்று ஆரூடம் பார்க்காமல், 500 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட எஸ் அண்டு பி 500 குறியீட்டை அப்படியே பின்தொடரும் நிதி அது.

திரட்ட நினைத்தது 15 கோடி டாலர். வந்ததோ சுமார் 1.13 கோடிதான். 500 பங்குகளையும் உரிய அளவில் வாங்க அது காணாது. விற்றுத்தர வந்த தரகு நிறுவனங்களே கைவிட்டுவிடலாம் என்றன. வேன்கார்டின் நிறுவனர் ஜான் போகிள் அசையவில்லை. பெரிய நிறுவனங்களில் சுமார் 200, மற்றவற்றின் சார்பாக 80 என்று பொறுக்கி வாங்கித் தொடங்கினார். துணிச்சலான முடிவு.

குறியீடு தரும் சராசரி லாபம் யாருக்கு வேண்டும் என்று தொழில் வட்டாரம் கேலி செய்தது. கட்டணத்தைக் குறைத்தால் அந்தச் சராசரியே பெரும்பாலான வல்லுநர்களை முந்திவிடும் என்பது போகிளின் கணக்கு.

2000இல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மெஜல்லன் நிதியைத் தாண்டி, அமெரிக்காவின் மிகப்பெரிய பரஸ்பர நிதியானது அந்தக் குறியீட்டு நிதி.