கல்லின் துடிப்பும் காலத்தின் கணக்கும்

நம் மேசையின்மேல் ஒரு கடிகாரம் இருக்கிறது. கடையில் வாங்கியதன்று, நாமே செய்தது. சில மின்னணுச் சில்லுகளையும், சிறிய உலோக உறைக்குள் அடைபட்ட ஒரு குவார்ட்ஸ் படிகத்தையும் பலகையொன்றில் பற்றவைத்து, எண்கள் ஒளிருமாறு அமைத்தோம். படிகம் இருக்கையில் பிழைக்கு இடமேது என்று மகிழ்ந்திருந்தோம். ஒரு மாதம் கழித்து வானொலியின் நேரக் குறியோடு ஒப்பிட்டபோது, அது ஐம்பது விநாடி முந்தியிருந்தது. துல்லியத்திற்கே பெயர்பெற்ற படிகம் ஏன் தவறியது? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்த நாம், ஒரு நெடிய வரலாற்றின் வாசலில் வந்து நின்றோம்.

அவ்வரலாறு 1880ஆம் ஆண்டில் பாரிசில் தொடங்குகிறது. இருபதுகளில் இருந்த இரு சகோதரர்கள், ஜாக் கியூரியும் பியேர் கியூரியும், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். மறு ஆண்டில், இதன் எதிர்விளைவும் இயற்கையில் இருந்தாக வேண்டும் என்று காப்ரியேல் லிப்மன் கணக்கிட்டுச் சொன்னார். அதாவது, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் சற்றே உருமாற வேண்டும். சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதி செய்தனர். அப்போது இதனால் விளையும் பயன் பெரிதாகத் தெரியவில்லை. மணலின் இனமான ஒரு கல், தொட்டால் மின்சாரம் காட்டியது, அவ்வளவே.

நாற்பது ஆண்டுகள் சென்றன. 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வால்ட்டர் கேடி, மின்சுற்று ஒன்றின் அதிர்வைக் குவார்ட்ஸ் படிகத்தால் கட்டுப்படுத்திக் காட்டினார். ஒவ்வொரு படிகமும், அதன் வடிவிற்கும் அளவிற்கும் ஏற்ற ஓர் அதிர்வெண்ணில் மட்டுமே விரும்பித் துடிக்கும். உராய்வால் அது இழக்கும் ஆற்றல் மிகச் சிறிது. ஆதலால், ஒருமுறை துடிக்கத் தொடங்கியபின், மின்சுற்று அதற்குத் தரவேண்டிய தூண்டுதலும் மிகச் சிறிதே. தூண்டுதல் குறையக் குறையப் புறத்தின் குறுக்கீடும் குறையும்; துடிப்பு தூய்மையாய் இருக்கும். நல்ல கடிகாரம் எதற்கும் இதுவே அடிப்படை.

1927ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ஜோசப் ஹார்ட்டனும், கனடாவில் பிறந்த வாரன் மாரிசனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினர். அவர்களுடைய பணிக்கு வேண்டியிருந்தது கடிகாரமன்று. தொலைத்தொடர்புக்கு ஏற்ற நிலையான அதிர்வெண்ணே. ஆனால் அதிர்வெண் சரிதானா என்று எவ்வாறு அறிவது? ஒரு நாள் முழுதும் எழும் துடிப்புகளை எண்ணிப் பார்ப்பதே சிறந்த வழி. விநாடிக்கு 50,000 முறை துடித்த படிகத்தின் அதிர்வெண்ணை மின்சுற்றுகளால் படிப்படியாக 1,000ஆகக் குறைத்து, அதனால் ஒரு மோட்டாரைச் சுழலச் செய்து, அதன் வழியே முட்களை ஓட்டினர். எண்ணுவதற்காகச் செய்த கருவியே கடிகாரமாயிற்று.

அடுத்து நேர்ந்ததே நம் சிந்தனைக்கு உரியது. பெர்லினில் இருந்த அரசு அளவியல் நிறுவனத்தில் அடால்ஃப் ஷைபெ, ஊடோ அடெல்ஸ்பெர்கர் என்னும் இரு அறிஞர்கள் 1930களில் இத்தகைய கடிகாரங்கள் சிலவற்றை ஒருங்கே இயக்கினர். அந்நாளில் காலத்தின் இறுதி நீதிபதி பூமியே. அது தன்னைத் தானே ஒருமுறை சுற்றுவதைக் கொண்டு நாள் கணிக்கப்பட்டது. கடிகாரம் அதற்கு மாறுபட்டால் குற்றம் கடிகாரத்தின்மேலேயே சாரும். ஆனால் அவர்களுடைய கடிகாரங்கள் தமக்குள் ஒத்துப்போயின; விண்மீன்களைக் கொண்டு கணித்த நேரத்தோடுதான் ஒன்றுபோல் மாறுபட்டன. தனித்தனியே ஓடும் சாட்சிகள் ஒரே சொல்லைச் சொன்னால் நீதிபதியையே ஐயுற வேண்டியிருக்கிறது. 1930களின் நடுவில், பூமியின் சுழற்சி சீரானதன்று என்று அவர்கள் அறிவித்தனர். பாரிசில் நிக்கொலா ஸ்டாய்கோவும் பருவத்திற்கேற்ப நாளின் நீளம் மாறுவதைக் கண்டார். பருவந்தோறும் மாறும் பெருங்காற்றுகளே இதற்கு முதன்மைக் காரணம் என்றும், மாறுபாடு ஆயிரத்தில் ஒரு விநாடி அளவினது என்றும் இன்று நாம் அறிவோம். கைப்பிடிக்குள் அடங்கும் கல்லொன்று, தான் பிறந்த உலகத்தின் தள்ளாட்டத்தைக் காட்டிக் கொடுத்தது.

ஆயினும் படிகமும் அரியணையில் நெடுங்காலம் அமரவில்லை. நாட்பட நாட்பட அதன் அதிர்வெண் மெல்ல நழுவும்; அது முதுமை அடைகிறது. 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெடிங்டனில் லூயி எசன் சீசியம் அணுக் கடிகாரத்தை இயங்கச் செய்தார். 1967இல் விநாடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகளின் காலம் என்று வரையறுக்கப்பட்டது. ஆனால் அணுக் கடிகாரத்தினுள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்துக் கொண்டுதான் இருக்கிறது. படிகம் ஓடுகிறது, அணு அதைத் திருத்துகிறது.

படிகம் கைக்கடிகாரத்துள் புகுந்ததும் அக்காலத்திலேயே. சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் 1967இல் அதன் மாதிரி உருவானது. ஆனால் 1969 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழா அன்று, ஜப்பானின் செய்க்கோ நிறுவனமே ‘ஆஸ்ட்ரான்’ என்னும் பெயரில் முதன்முதலாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். பிழை மாதத்திற்கு 5 விநாடி. விலை விரைவில் சரிந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வாழ்வளித்த சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில், 1980களின் நடுவில் அதில் மூன்றில் ஒரு பங்கினருக்கே வேலை தந்தது. பல தலைமுறைகளாகப் பற்சக்கரம் அராவிய கைகள் ஓய்ந்தன. துல்லியத்திற்கு மனிதர் கொடுத்த விலையில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இனி நம் கடிகாரத்திற்குத் திரும்புவோம். அதிலுள்ள படிகம் இசைக்கவை வடிவினது. விநாடிக்கு 32,768 முறை துடிப்பது. இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று கிடைக்கும். அதற்காகவே இவ்வெண்ணைத் தேர்ந்தனர். ஆனால் படிகம் தனித்து இயங்குவதில்லை. அதனோடு இணையும் மின்தேக்கிகளின் அளவையும் கருத்திற்கொண்டே அதை அறுக்கின்றனர். அவ்வளவு குறைந்தால் படிகம் விரையும், மிகுந்தால் தயங்கும். நாம் அளவு பாராமல் கைக்குக் கிடைத்த மின்தேக்கிகளை இட்டிருந்தோம். படிகம் பொய் சொல்லவில்லை. நாம்தான் அதைத் தவறான துணையோடு சேர்த்திருந்தோம்.

பிழையை அளக்கப் புகுந்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. அளவுக் கருவியின் முனையைப் படிகத்தில் தொட்டவுடனே அதன் வேகம் மாறியது. கருவியும் ஒரு மின்தேக்கியாயிற்றே! ஆகவே படிகத்தைத் தொடாமல், அது ஓட்டும் விநாடிகளை மட்டுமே வானொலிக் குறியோடு ஒப்பிட்டோம். கண்ணும் காதும் ஐந்தில் ஒரு விநாடி தவறக்கூடும். ஒரே நாள் ஒப்பிட்டால் அத்தவறு மாதக் கணக்கில் 6 விநாடியாகப் பெருகும்; பத்து நாள் பொறுத்திருந்தால் 0.6 விநாடியாகச் சுருங்கும். திருகி மாற்றும் மின்தேக்கி ஒன்றை இணைத்து, சிறிது திருகுவதும் பத்து நாள் காத்திருப்பதுமாக ஒரு மழைக்காலம் கழிந்தது.

அதன்பின் கோடை வந்தது. இவ்வகைப் படிகம் 25 பாகை வெப்பத்தில் தன் உச்ச வேகத்தில் துடிக்கும். வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் பின்தங்கும். பத்துப் பாகை விலகினால் மாதத்திற்கு ஏறக்குறைய 9 விநாடி. இருபது விலகினால் அதன் நான்கு மடங்கு. கைக்கடிகாரத்தை உடலின் சூடு ஒரே நிலையில் காக்கிறது. மேசைக் கடிகாரத்திற்கு அப்பேறு இல்லை.

ஆகவே பிழையை முற்றும் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டோம். மாலுமிகள் தம் கப்பற் கடிகாரத்தின் முள்ளை அடிக்கடி திருத்துவதில்லை. அது நாளொன்றுக்கு எவ்வளவு பிறழ்கிறது என்பதைக் குறித்துவைத்து, கணக்கில் சரிசெய்து கொள்வர். நாமும் கடிகாரத்தின் பின்புறம் ஒரு தாளை ஒட்டியுள்ளோம். மழைக்காலத்தில் மூன்று விநாடி முந்தும். கோடையில் ஆறு விநாடி பிந்தும். மாதந்தோறும் முதல் நாள் அத்தாளில் ஒரு வரி எழுதுகிறோம். பிறழாத கடிகாரம் இதுவரை எவர்க்கும் வாய்த்ததில்லை. தன் பிறழ்ச்சி இன்னதென்று அறிந்த கடிகாரத்தை நம்பலாம். உலகமே அவ்வாறுதான் சுழல்கிறது என்பதை அறிந்தபின், நம் மேசைமேல் இருப்பதன்மீது கோபம் கொள்ளத் தோன்றவில்லை.