அண்ணாமலைக் காடாக்கம்

திருவண்ணாமலை நகரை ஒட்டிய அண்ணாமலையில் (உயரம் 814 மீட்டர்) மீண்டும் காடு வளர்க்கும் பணி. காற்றிலுள்ள கரியமில வாயுவை மரமாக்கி நிறுத்துவதால் இது காலநிலைப் பொறியியலின் ஒரு கிளையாகக் கொள்ளப்படும்.

வகைப்பாடு: புவி வெப்பத்தைத் தணிக்கும் பெருந்தலையீடுகளை லண்டன் ராயல் கழகம் 2009இல் இரண்டாகப் பகுத்தது. முதலாவது, கரியமில வாயுவை நீக்குதல். காடு வளர்ப்பு, கடலில் இரும்பு உப்பு இடுதல், இயந்திரத்தால் வாயுவை உறிஞ்சுதல் ஆகியவை இதில் அடங்கும். இந்தியாவும் ஜெர்மனியும் 2009இல் தென் அட்லாண்டிக்கில் நடத்திய லோஹாஃபெக்ஸ் ஆய்வில், இரும்பால் பெருகிய பாசியைக் கூனி போன்ற சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன; ஆழத்தில் தங்கிய கரிமம் சொற்பமே. இரண்டாவது, வெயிலைத் திருப்பியனுப்புதல். 1991இல் பினாடுபோ எரிமலை கக்கிய கந்தகத்தால் உலக வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது. அதுபோல வானில் கந்தகத் துகள் தூவலாம் என்பர். தூவுவதை நிறுத்தினால் அடக்கிய வெப்பம் விரைந்து ஏறிவிடும். ஆகவே முதல் வகையே ஏற்கத்தக்கது. அதிலும் காடு வளர்ப்பே பழமையானது, தீங்கற்றது.

முன்வரலாறு: இம்மலை கிருதயுகத்தில் நெருப்பாகவும், திரேதாயுகத்தில் மாணிக்கமாகவும், துவாபரயுகத்தில் பொன்னாகவும் இருந்து கலியுகத்தில் கல்லானது என்பது தலபுராண மரபு. பஞ்சபூதத் தலங்களுள் இது நெருப்புக்குரியது. கார்த்திகைத் தீபம் மலையுச்சியில் ஏற்றப்படுகிறது. 1896இல் இங்கு வந்த இரமண மகரிஷி விருபாட்ச குகையிலும், 1916 முதல் ஸ்கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். அவ்வாசிரமத்துக்காக அடியவர் கந்தசாமி பாறைச் சரிவைச் சமன்படுத்தித் தென்னை வைத்தார். பின்னர் விறகு வெட்டுதலும் மேய்ச்சலும் புல்தீயும் மலையை மொட்டையாக்கின. 1980களின் இறுதியில் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி தோன்றியது. பிற்பாடு ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையும் இப்பணியில் இறங்கியது.

முறை: வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நாட்டு மரக்கன்றுகளை நடுவர். கோடையில் எலுமிச்சைப்புல் வகைகள் காய்ந்து எளிதில் தீப்பற்றும் என்பதால், தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவது நடவுக்கு நிகரான வேலை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். ஒரு கிலோ கரிமம் 3.67 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மரம் எரிந்தால் அதில் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பும்.

இன்றைய நிலை: 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக்க முனைகிறது. ஃபெஞ்சல் புயல் மழையால் 1-12-2024 அன்று மலையடிவார வ.உ.சி. நகரில் நேர்ந்த மண்சரிவில் எழுவர் இறந்தனர். அதன் பின்னும் மலையில் காடாக்கம் தொடர்கிறது.