பத்து நாளில் பிறந்த பாஷை

நெட்ஸ்கேப் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து வந்த பிரண்டன் ஐக் என்பவர் 1995-ஆம் வருஷம் மே மாதத்தில், பத்தே நாளில் ஒரு கம்ப்யூட்டர் பாஷையின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். முதலில் அதற்கு 'மோக்கா' என்று பெயர். பிறகு 'லைவ்ஸ்கிரிப்ட்' ஆயிற்று. டிசம்பரில் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்று மாறியது. ஜாவா என்ற வேறொரு பாஷைக்கு அப்போது ஏக மவுசு. அந்தப் பெயரை வாங்கி ஒட்டிவிட்டார்கள். மற்றபடி இரண்டும் வேறு வேறு பாஷைகள்.

மறு வருஷம் ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி தன்னுடைய எக்ஸ்ப்ளோரர் என்னும் உலாவியில் இதே பாஷையை 'ஜேஸ்கிரிப்ட்' என்ற பெயரில் சேர்த்தது. வம்பு அங்கேதான் ஆரம்பம். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு உலாவிகளும் இரண்டு அர்த்தம் சொல்லத் தொடங்கின.

'இப்போது என்ன வருஷம்?' என்று கேட்பதற்கு அந்தப் பாஷையில் 'கெட்இயர்' என்று ஒரு கட்டளை உண்டு. 1998-இல் இரண்டு உலாவிகளும் ஒற்றுமையாக 98 என்றன. 2000 பிறந்ததும் நெட்ஸ்கேப் 100 என்றது. எக்ஸ்ப்ளோரர் 2000 என்றது. விடைக்கு முன்னால் '19' என்று ஒட்டி எழுதியிருந்தவர்களின் பக்கம் நெட்ஸ்கேப்பில் 19100-ஆம் வருஷத்தைக் காட்டிற்று. புத்திசாலித்தனமாக 1900-ஐக் கூட்டியவர்கள் அங்கே தப்பினார்கள். எக்ஸ்ப்ளோரரில் 3900-க்குப் போய்ச் சேர்ந்தார்கள்!

இலக்கணம் இல்லாமலா இத்தனையும்? இருந்தது. ஜினீவாவிலுள்ள எக்மா சபை 1997 ஜூனிலேயே அதை வகுத்து வெளியிட்டுவிட்டது. இலக்கணம் வந்தாலும் கம்பெனிகள் தத்தம் வேகத்தில்தானே நடக்கும்? நாலாவது பதிப்பைப் பற்றிப் பல வருஷம் சண்டையிட்டு, 2008-இல் அதை அடியோடு கைவிட்டார்கள். பாஷையை அவ்வளவு மாற்றலாமா, பழைய பக்கங்களின் கதி என்ன என்பது விவகாரம். கைவிட்டது நல்லதுதான் என்பது என் கட்சி. கோடிக்கணக்கான பக்கங்களை எழுதியவர்களைத் தேடிப் பிடித்துத் திருத்தச் சொல்ல யாரால் முடியும்?

2015-இல் வந்த ஆறாம் பதிப்பு பாஷைக்குப் புதிய வாக்கிய அமைப்புகளைக் கொடுத்தது. எக்ஸ்ப்ளோரர் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கடைசி வரை கற்றுக்கொள்ளவே இல்லை. நாவலில் ஒரு சொல் புரியாவிட்டால் வாசகர் தாண்டிப் போய்விடுவார். இந்த யந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. தெரியாத ஒரு குறியைக் கண்டால் அந்த ஏடு முழுவதையும் தள்ளிவிடும். பழைய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தவருக்குச் சில சமயம் வெற்றுப் பக்கம்தான் கிடைக்கும். ஆகையால் புதிய நடையைப் பழைய நடைக்கு மாற்றித் தரும் 'பேபல்' போன்ற துபாஷிகள் தோன்றின. எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15-இல் ஓய்வு கொடுத்தார்கள்.

அந்தப் பழைய வருஷக் கட்டளையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. இப்போது எல்லா உலாவிகளும் ஒரே குரலில்தான் பதில் சொல்லுகின்றன. 2024-இல் கேட்டவர்களுக்கு 124 என்று விடை வந்தது.