மைசூர்ப் பட்டும் சந்தனமும்

நம் வீட்டில் திருமணம் என்றால் மூன்று மாதங்களுக்கு முன்பே காஞ்சிபுரத்துக்குப் பயணம் வைத்துவிடுகிறோம். பெரியவர்கள் இருவர், மணப்பெண்ணின் அத்தை ஒருவர் எனச் சிறு குழு ஒன்று புறப்பட்டு, கூறைப் புடைவையும் உறவினர்க்கு வேண்டிய புடைவைகளும் எடுத்துக்கொண்டு மீள்கிறது. மைசூரில் குடியிருந்துகொண்டு பட்டு வாங்கக் காஞ்சிக்குப் போகிறார்களே என்று அண்டை வீட்டுக் கன்னட அன்பர்கள் நகைப்பதுண்டு. அந்த நகைப்பில் அவர்கள் எண்ணுவதைக் காட்டிலும் நியாயம் மிகுதி. காஞ்சியில் நெய்யப்படும் பட்டின் நூலில் பெரும்பகுதி நெடுங்காலமாகக் கன்னட நாட்டிலிருந்தே சென்று வந்திருக்கிறது. இராமநகரம், சித்லகட்டா முதலிய ஊர்களில் கூட்டிலிருந்து எடுக்கப்பட்ட நூல் அது. சரிகையோ சூரத்தினுடையது. காஞ்சி நெசவாளர் தம் கைத்திறனையும் பாட்டன் காலத்துக் கண்ணையும் அதனோடு சேர்க்கிறார். ஆக, நம் ஊர்ப் பக்கத்து நூலே காஞ்சிக்குச் சென்று, புடைவையாகி, நம் கையாலேயே மைசூருக்கு மீண்டும் வந்து சேருகிறது.

ஒரு பொருளை ஒருவரே செய்வதில்லை. பலர் கூடியே செய்கின்றனர். இது பழைய செய்திதான். ஆயினும் 1993ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மூர் என்னும் அமெரிக்கர் இதற்கு ஒரு புதுப்பெயர் சூட்டினார். காட்டில் மரமும் செடியும் புழுவும் பறவையும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வது போலவே, ஒரு வணிக நிறுவனமும் தன்னைச் சூழ்ந்த உழவர், கைவினைஞர், வணிகர், வாங்குவோர் ஆகியோரைச் சார்ந்தே வாழ்கிறது என்பது அவர் கருத்து. இதனைத் தொழிற்சூழல் என்று நாம் தமிழில் கூறலாம். இன்று பெரிய நிறுவனங்கள் யாவும் இச்சொல்லை மந்திரம் போல் ஓதுகின்றன. ஆனால் அத்தகைய சூழலை யார் கட்டினார், அதன் பயன் யாருக்குப் போயிற்று என்னும் வினாக்களுக்கு விடை காண நாம் அமெரிக்காவரை செல்லவேண்டியதில்லை. மைசூர் நாட்டின் பட்டும் சந்தனமும் போதும். இரண்டையும் பேணியது ஒரே அரசுதான். ஒன்று வளர்ந்தது, மற்றொன்று தேய்ந்தது.

முதலில் பட்டின் கதையைக் காண்போம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து பட்டுப்புழுவைத் தருவித்து இந்நாட்டில் வளர்க்க முயன்றார். அவருக்குப் பின் இத்தொழில் ஏறியும் இறங்கியும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் நோய் பரவிப் புழுக்கள் மடிந்ததால் பல ஊர்களில் மல்பெரித் தோட்டங்கள் அழிந்தன. அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானிய வல்லுநரைத் துணைக்கொண்டு பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணை நிறுவினார். அப்பண்ணை இருந்த இடத்தை இன்றும் டாட்டா சில்க் பார்ம் என்றே வழங்குகின்றனர்.

1912இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் பட்டு நெசவு ஆலையைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து விசைத்தறிகள் வந்தன. அரண்மனையின் தேவைக்கென ஏற்பட்ட ஆலையே பிற்காலத்தில் மைசூர்ப் பட்டுப் புடைவைக்குப் பிறப்பிடமாயிற்று. 1980இல் அது கர்நாடகப் பட்டுத்தொழில் கழகத்தின் கீழ் வந்தது. 2005இல் மைசூர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஆலையின் கதையோடு நிறுத்திவிடுகின்றனர். ஆனால் தறி இருந்தால் மட்டும் பட்டு வந்துவிடுமா?

பட்டுக்கு வேண்டிய கைகளை எண்ணிப் பார்ப்போம். நல்ல முட்டை இல்லையேல் தொழில் இல்லை. பெப்ரின் என்னும் நோய் தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டைக்குள் இறங்கும். நோயுற்ற முட்டையை நலமுள்ள முட்டையிலிருந்து கண்ணால் பிரித்தறிய இயலாது. முட்டையிட்ட தாயை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும் என்னும் முறையைப் பிரான்சு நாட்டில் 1860களில் லூயி பாஸ்டர் வகுத்தார். இதனை ஓர் உழவர் தம் குடிசையில் செய்ய முடியுமா? ஆகவே அரசு முட்டை நிலையங்களை நிறுவியது. சர் எம். விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில், 1914ஆம் ஆண்டளவில், பட்டுவளர்ப்புக்கெனத் தனித்துறை ஏற்பட்டது. இத்தாலியிலிருந்து வல்லுநர் வரவழைக்கப்பட்டார். சன்னபட்டணத்தில் அரசுப் பண்ணை அமைந்தது. பின்னர் மைசூர் நாட்டுப் புழுவையும் வெளிநாட்டுப் புழுவையும் கலந்து, மிகுதியாக நூல் தரும் கலப்பினத்தை உண்டாக்கினர். அக்கலப்புக்கு வேண்டிய தூய மைசூர் இனத்தைக் காப்பதற்கென்றே குனிகல், மாகடி வட்டாரங்களில் விதைக்கூடு வளர்க்கும் உழவர்கள் உண்டாயினர்.

முட்டையை வாங்கும் உழவரிடம் மல்பெரித் தோட்டம் இருக்கவேண்டும். புழு ஏறக்குறைய 25 நாள் இலை தின்னும். கடைசி ஒரு வாரம் அதன் பசி அளவு கடந்தது. அவ்வாரத்தில் வீட்டார் இரவிலும் உறங்குவதில்லை. புழு முற்றியதும் அதனைச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் ஏற்றவேண்டும். சந்திரிகையை வாடகைக்கு விட்டுப் பிழைப்போரும் உளர் என்றால் இச்சூழலின் நுட்பத்தை உய்த்துணரலாம். கூட்டைச் சந்தைக்குக் கொண்டுசென்றால், அங்கு நூலெடுப்போர் காத்திருப்பர். இராமநகரத்தில் இத்தொழிலை மேற்கொண்டோருள் முஸ்லிம் குடும்பத்தார் மிகுதி. கூட்டை வெந்நீரில் இட்டு, அதன் நுனியைப் பிடித்து நூலை இழுத்துச் சுற்றவேண்டும். நம் நாட்டுக் கலப்பினக் கூடு ஒன்றில் சில நூறு மீட்டர் நூல் உண்டு. இருபருவ இனத்திலோ ஆயிரம் மீட்டரையும் தாண்டும். பின்பு முறுக்குவோர், சாயமிடுவோர், பாவு ஓட்டுவோர், நெய்வோர், கடைக்காரர். இவருள் ஒருவர் நின்றால் மற்றவர் கை அனைத்தும் நின்றுவிடும்.

இக்கூட்டத்துள் நம்மவர்க்கும் பங்கு உண்டு. கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பட்டுவளர்ப்பிலும் நெசவிலும் பெயர்பெற்ற அவ்வட்டம் மொழிவழி மாநிலப் பிரிவினையில் மைசூரைச் சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிரப் புழுவுக்கு இலை போடும் வேளை மாறவில்லை.

எம் கருத்தில் இச்சூழலின் உயிர்நிலை கூட்டுச் சந்தையே. பண்டு நூலெடுப்போரும் தரகரும் உழவர் வாசலுக்கே வந்து கூட்டை வாங்கினர். கூட்டை நெடுநாள் வைத்திருக்க முடியாது. உள்ளிருக்கும் பூச்சி துளைத்து வெளிவந்தால் நூல் அறுந்துவிடும். இதனை அறிந்தோர் விலையைத் தாழ்த்திக் கேட்பர்; முன்பணம் வாங்கிய உழவர் வாய் திறவார். முட்டை, கூடு, நூல் ஆகியவற்றின் விற்பனையை முறைப்படுத்த 1959இல் சட்டம் இயற்றப்பட்டது. நாளடைவில் கூட்டை அரசுச் சந்தையிலேயே விற்கவேண்டும் என்னும் முறை நிலைபெற்றது. 1979இல் நூல் விலை சரியும்போது வாங்கித் தாங்குதற்கென ஒரு வாரியமும் ஏற்பட்டது. இராமநகரச் சந்தையில் ஒவ்வோர் உழவர் கூடும் தனித்தனித் தொட்டியில் கொட்டப்படும். பலர் அறிய ஏலம் நடக்கும். விலை பிடிக்கவில்லையேல் மறுக்கவும் உழவர்க்கு உரிமை உண்டு. எடை அரசின் தராசில். இத்துணைதான், ஆனால் இதனால் உழவர் தம் பொருளுக்குத் தாமே உடையவர் ஆனார். அடுத்த பருவத்துக்கு மல்பெரிக்கு உரம் இடும் துணிவு அவருக்கு அங்கிருந்தே பிறந்தது. ஆலைக்கும் காஞ்சித் தறிக்கும் நூல் தட்டாமல் கிடைத்ததும் அத்துணிவின் பயனே.

இதனால் பட்டுக்குத் துன்பமே வரவில்லை என்பதன்று. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் மலிவான அயல்நாட்டுப் பட்டும் செயற்கைப் பட்டும் ஒருங்கே தாக்கின. 1933இல் சுங்கவரிக் குழு ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு காப்புவரி விதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் பாரசூட் துணிக்கெனப் பட்டு வேண்டப்பட்டபோது தொழில் தலைநிமிர்ந்தது. போர் முடிந்ததும் சரிந்தது. அண்மைக் காலத்தில், 2011ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில், கச்சாப்பட்டின் இறக்குமதி வரி 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நெசவாளர்க்கு நூல் மலிவாகக் கிடைக்கட்டும் என்பது நோக்கம். அந்நோக்கத்தையும் நாம் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இராமநகரச் சந்தையில் கூட்டு விலை வீழ்ந்தது. உழவர்கள் தெருவில் இறங்கினர். சிலர் மல்பெரியை வேரோடு பிடுங்கினர். சூழலின் ஒரு முனையில் இருப்போர்க்குச் செய்யும் உதவி மறுமுனையில் இருப்போர் வயிற்றில் அடிக்கும் என்பதைத் தில்லியில் உள்ளோர் அன்று கண்டனர். பின்னர் அவ்வரி சற்று உயர்த்தப்பட்டது.

இனிச் சந்தனம்.

சந்தன மரத்தைப் பற்றிய ஓர் உண்மை நம்மில் பலர் அறியாதது. அது தனித்து வாழும் மரமன்று. தன் வேரைப் பக்கத்துச் செடிகளின் வேரோடு பிணைத்து அவற்றிடமிருந்தும் உணவு பெறும். தொழிற்சூழலுக்கு இதனினும் பொருத்தமான உவமையை ஜேம்ஸ் மூரும் தேடியிருக்க முடியாது. இத்தகைய மரத்தை அரசு தனிமைப்படுத்தியது என்பதே நாம் கூறவந்த கதை.

1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். எவர் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுக்கே உரியது. உடையார்களும் பின்வந்த அரசுகளும் அம்முறையையே தொடர்ந்தனர். 1914 வரை கட்டைகள் ஏலத்தில் விற்கப்பட்டு, பெரும்பாலும் செர்மனிக்குச் சென்று, அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டன. போர் மூண்டதும் கட்டைகள் தேங்கிக் கிடந்தன. அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களான சட்பரோவும் வாட்சனும் எண்ணெய் வடிக்கும் முறையை இங்கேயே கண்டனர். 1916இல் பெங்களூரிலும் 1917இல் நம் மைசூரிலும் ஆலைகள் எழுந்தன. எஸ். ஜி. சாஸ்திரி என்னும் வேதியியல் அறிஞர் இங்கிலாந்து சென்று பயின்று வந்த பின்னர், 1918இல் மைசூர் சாண்டல் சோப்பு வெளிவந்தது. அரசுக் கருவூலம் நிறைந்தது; மைசூர் என்னும் பெயர் உலகெங்கும் மணந்தது. இதுவரை பெருமைதான்.

ஆனால் மரம் யார் நிலத்தில் நின்றதோ அவருக்கு என்ன கிடைத்தது? காக்கும் பொறுப்பும், திருட்டுப் போனால் அதிகாரிகளின் விசாரணையும். பிற்காலத்தில் ஊக்கத்தொகை என ஒரு பங்கு வழங்கப்பட்டதாயினும், அதனைப் பெற அலையும் அலைச்சலுக்கு அஞ்சினோர் பலர். பறவை எச்சத்தால் வரப்பில் சந்தனம் முளைத்தால், கன்றாயிருக்கும்போதே கிள்ளி எறிவதே அறிவுடைமை என்று உழவர் கருதினர். ஸ்பைக் என்னும் நோய் ஒருபுறம் மரங்களை அழித்தது. மறுபுறம் கடத்தல் பெருகியது. 2004இல் முடிந்த வீரப்பனின் வாழ்வை இரு மாநிலத்தாரும் நன்கு அறிவர். மரத்தில் பங்கில்லாத காட்டோரத்து ஏழைக்குக் கடத்தல்காரர் தரும் கூலியே சந்தனத்தால் வந்த ஒரே வருவாய் என்றால், அவரை மட்டும் நாம் எங்ஙனம் பழிப்பது? காடு வறண்டது, விலை ஏறியது, எண்ணெய் ஆலைக்குக் கட்டை கிடைப்பது அரிதாயிற்று.

இத்தட்டுப்பாட்டை மைசூரில் முதலில் உணர்ந்தோருள் ஊதுபத்தித் தொழிலாரும் இருந்தனர். மதுரையில் பிறந்த என். ரங்கராவ் 1948இல் மைசூரில் தொடங்கிய நிறுவனமே இன்று சைக்கிள் ஊதுபத்தி என்று நாடெங்கும் வழங்குவது. சந்தனம் அரிதாகவே இத்தொழிலார் வேறு வாசனைக் கலவைகளை நாடி வளர்ந்தனர். ஊதுபத்திப் பெட்டிகள் ஏறிய பார்சல் வண்டி, இறக்கி மூன்று நாளானாலும் மணக்கும். இரயில்வேயில் பணிபுரியும் எம்மனோர்க்கு இது நன்கு தெரியும். ஆயினும் அம்மணத்தின் பின்னே, வீட்டுத் திண்ணையில் பலகையை மடியில் வைத்துக் கரித்தூள் பிசைந்து குச்சியில் உருட்டிய பெண்டிர் பல்லாயிரவர் இருந்தனர். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. பட்டு உழவர்க்கு ஒரு சந்தையும் தராசும் கிடைத்தன. இப்பெண்டிர்க்கு அத்தகைய இடம் அமையவில்லை. இத்தொழில் வரலாற்றில் எமக்கு உறுத்தும் இடம் இதுவே.

சந்தனத்துக்கு வருவோம். 2001இல் கர்நாடக அரசு சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்கு உரியவரே அதிலுள்ள சந்தனத்துக்கும் உரியவர் என்றது. மறு ஆண்டு தமிழக அரசும் அவ்வாறே செய்தது. திப்புவின் ஆணை பிறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தது. விற்பதற்கு அரசு நிறுவனங்களையே நாடவேண்டும் என்னும் கட்டுப்பாடு அதன்பின்னும் நீடித்ததாயினும், உழவர்கள் கன்று நடத் தொடங்கினர். நடும்போது அருகில் துவரையை விதைக்கின்றனர். வேர் பற்றுவதற்கு முதல் துணை அது. சற்று வளர்ந்தபின் சவுக்கு முதலிய மரங்கள் துணையாகின்றன. வயிரம் பாய 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை வேலியும் நாயும் இரவுக் காவலும் வேண்டும். காவலுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு நட்டதைப் பாதியில் கைவிட்டோரும் உளர். பொறுத்திருந்தோரில் முதலில் நட்ட சிலருடைய மரங்கள் இப்போதுதான் வெட்டும் பருவத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.