காலாவதியான பத்திரங்கள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில், கணவாயை நெருங்க நெருங்கக் காற்று மனிதனைப் பிடித்துத் தள்ளும். அம்மலைச்சரிவின் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தாய்மாமன் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அவர் மறைந்த சில நாட்களின் பின் மாமி தகரப் பெட்டியைத் திறந்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓர் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தை என்னிடம் நீட்டினார். "இதில என்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுப்பா" என்றார்.

மாமன் இரண்டாண்டுக் காலம் தவணை தவறாது கட்டியிருந்தார். மாமி நோயில் விழுந்த ஆண்டில் அது நின்றுபோயிற்று. பத்திரம் காலாவதியாகிவிட்டது என்று கம்பனி எழுதிய கடிதமும் உள்ளே மடிந்து கிடந்தது. அதுவரை கட்டிய பணத்தைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கட்ட முடியாமற் போனவனின் பணம் யாருக்குச் சொந்தம்? ஆயுள் காப்புறுதிச் சட்டங்களின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே படித்துவிடலாம் என்பது என் கருத்து.

கேள்வி எழுவதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மனிதன் இளமையில் இறப்பது அரிது; முதுமையில் இறப்பது இயல்பு. ஆயினும் ஆண்டுதோறும் கட்டும் தொகை ஒன்றே. ஆகவே இளமையில் கட்டுபவன், அவ்வாண்டின் ஆபத்துக்கு வேண்டியதைவிட மிகையாகவே கட்டுகிறான். அம்மிகை அவன் முதுமைக்காகச் சேர்த்துவைக்கப்படும் நிதி. முகவரின் தரகும் அலுவலகச் செலவும் முதல் ஆண்டுகளில் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன என்று கம்பனிகள் சொல்வதில் உண்மையுண்டு. மிச்சம் எதுவுமே இல்லை என்பதுதான் நம்பத்தக்கதன்று.

இதை உலகுக்கு உரைத்தவர் ஒரு கணித ஆசிரியர். அமெரிக்கரான எலிசூர் ரைட், அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். 1844இல் லண்டன் சென்றபோது, ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். தவணை கட்ட வழியற்ற முதியவர்களின் காப்புறுதிப் பத்திரங்கள் அங்கே ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்குபவன் எஞ்சிய தவணைகளைக் கட்டுவான். முதியவர் இறந்ததும் முழுத்தொகையைப் பெறுவான். முதியவர் எவ்வளவு விரைவில் இறக்கிறாரோ, அவ்வளவு இலாபம். தன் நாட்டின் அடிமைச் சந்தையே ரைட்டின் நினைவுக்கு வந்தது. கம்பனிகள் நியாயமான தொகை கொடுத்துப் பத்திரத்தைத் திரும்பப் பெற்றிருந்தால் அந்த ஏலத்துக்கே இடமிருந்திராது.

ஊர் திரும்பியவர் எண்களோடு மல்லுக்கு நின்றார். ஒவ்வொரு பத்திரத்துக்கும் எவ்வளவு நிதி கையிருப்பில் இருக்கவேண்டும் என்று அட்டவணைகள் தயாரித்தார். 1858இல் மசச்சூசெட்ஸ் மாநிலம் அந்நிதியைக் கட்டாயமாக்கியது. அவரே அங்கு காப்புறுதி ஆணையாளரானார். 1861இல் வந்த சட்டம் நம் கேள்விக்கு நேர்விடை தந்தது. தவணை நின்றாலும், சேர்ந்த நிதியில் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டு குறிப்பிட்ட காலத்துக்குக் காப்புறுதி தொடரவேண்டும். கம்பனிகள் அவரை விரும்பியிருக்க முடியுமா? 1866இல் அவர் பதவியை இழந்தார்.

இந்தியாவில் 1938ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம், மூன்றாண்டு தொடர்ந்து கட்டிய பத்திரத்துக்கு ஒப்படைப்பு மதிப்பு உண்டு என்றது. பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் கையில் கிடைக்கும் தொகையே அது. ஆனால் மதிப்பு இருந்தும் பெட்டியில் பணம் இல்லாவிடின் என்ன பயன்? டால்மியாவின் கம்பனியில் மக்கள் பணம் எப்படிக் கையாளப்பட்டது என்பதை 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். அடுத்த ஆண்டே 245 நிறுவனங்கள் அரசுடைமையாகி, ஆயுள் காப்புறுதிக் கழகம் பிறந்தது. பத்திரத் தொகைக்கு அரசே பிணை நின்றது. ஆயினும் 1957இல் அதே கழகத்தின் பணம் முந்த்ராவின் கம்பனிப் பங்குகளில் கொட்டப்பட்டது. மறு ஆண்டு நிதியமைச்சர் ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. அரசுடைமை என்ற பெயரே காவலாகிவிடாது.

நம் நாட்டில் 1961இன் 2ஆம் இலக்கச் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைந்தது. சிங்கள வாசகர் நாவலாசிரியராகவும் அறிந்த ரி. பி. இலங்கரத்னவே அதற்குப் பொறுப்பான அமைச்சர். 1962 முதல் புதிய ஆயுள் காப்புறுதி முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1988இல் தனியார் கம்பனிகள் மீண்டும் நுழைந்தன. 2003இல் அரச நிறுவனமே தனியாருக்கு விற்கப்பட்டது. 2009 ஜூன் 4இல் உயர் நீதிமன்றம் அவ்விற்பனையைச் செல்லாததாக்கியது. இவ்வளவு கைமாற்றங்களுக்கிடையில் பத்திரம் வைத்திருந்தவனை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் பெயர் சட்டத்தின் நோக்கமாகவே எழுதப்பட்டது 2000இன் 43ஆம் இலக்கச் சட்டத்தில்தான். காப்புறுதிதாரரின் நலனைப் பேணுவதற்கென அது ஒரு சபையை நிறுவியது. 2017 முதல் அதற்கு ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழு என்று பெயர். ஆயுள் காப்புறுதி நிதியைத் தனியே வைக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கட்டளை. 2005 முதல் ஒம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். கொழும்பில் இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முறைப்பாடு எழுதத் தெரியாத தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தக் கதவு எவ்வளவு தூரம் என்பதை ரிவர்ஸ்டன் பாதையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் அறிவர்.

மாமனின் பத்திரத்தை இந்தச் சட்டங்களின் எதிரே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ரைட்டின் சட்டம் சில காலம் காப்புறுதியை நீட்டியிருக்கும். மாமனோ அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1938இன் இந்தியச் சட்டம் மூன்றாண்டு கேட்கும். அவர் கட்டியது இரண்டு. 2024 அக்டோபர் முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த விதியோ, ஓராண்டுத் தவணை முழுதாகக் கட்டியவனுக்கும் ஒப்படைப்புத் தொகை தரச் சொல்கிறது. அந்த விதி அன்று இங்கே இருந்திருந்தால், மாமி நோயில் கிடந்த மாதங்களில் சிறுதொகையாவது வீட்டுக்கு வந்திருக்கும்.

இவற்றையெல்லாம் மாமிக்கு நான் விளக்கவில்லை. "பணம் வராது மாமி" என்று மட்டும் சொன்னேன். பத்திரத்தைக் கிழித்துவிடவா என்று கேட்டேன்.

"வேணாம்பா, மாமா கையெழுத்து இருக்குல்ல" என்று வாங்கி, மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்தார்.