ஹீரோ முகம் இல்லை, ஆனால் ஆஸ்கர் உண்டு... யார் இந்த பிலிப் சீமோர் ஹாஃப்மன்? சின்ன நாடகக் குழுவை விட்டுக்கொடுக்காத நடிகரின் கதை!

'மிஷன் இம்பாசிபிள் 3' பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. டாம் க்ரூஸ் நாற்காலியில் கட்டப்பட்டிருப்பார். எதிரே நிற்கும் வில்லன் கையில் துப்பாக்கியோடு பத்து வரை எண்ணுவார். கத்த மாட்டார், சிரிக்க மாட்டார். ஏதோ மாசக் கடைசியில் கணக்கு முடிக்கிற ஆள் மாதிரி நிதானமாக எண்ணுவார். அந்த நிதானம்தான் பயமுறுத்தும். 'ஹங்கர் கேம்ஸ்' படங்களில் ப்ளூடார்க் என்ற கதாபாத்திரத்தில் வந்தவரும் இவர்தான்.

பெயர் பிலிப் சீமோர் ஹாஃப்மன். நம்மூரில் 'குணச்சித்திர நடிகர்' என்று ஒரு அழகான சொல் இருக்கிறதே, அதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றால் பலரும் முதலில் சொல்லும் பெயர். ஆனால் மேலே சொன்ன இரண்டு பெரிய படங்களும் இவருடைய வாழ்க்கையில் ஓரத்தில் இருப்பவை. நடுவில் இருந்தது நியூயார்க்கில் ஒரு சின்ன நாடகக் குழு. 2006 மார்ச்சில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். அடுத்த வருஷமே சில நூறு பேர் மட்டும் உட்காரும் அரங்கில் தன் குழுவின் புது நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஹாலிவுட் கதவைத் திறந்து வைத்திருந்தபோது ஏன் அங்கே போனார்?

மல்யுத்தம் போய் மேடை வந்தது

1967 ஜூலை 23-ம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரை ஒட்டிய ஃபேர்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். ஒன்பது வயதில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். நான்கு பிள்ளைகளையும் அம்மாதான் வளர்த்தார். அவர் பின்னாளில் குடும்ப நீதிமன்ற நீதிபதி ஆனவர். 12 வயதில் அம்மா அழைத்துப்போய்க் காட்டிய நாடகம், ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்'. பையனுக்கு அது மனசுக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் அப்போது அவர் விளையாட்டுப் பிள்ளை. பள்ளியில் மல்யுத்தம் செய்துகொண்டிருந்தவருக்குக் கழுத்தில் அடிபட, இனிமேல் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தைத்தான் நாடகம் பிடித்தது. பள்ளி மேடையிலேயே 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தின் வயதான வில்லி லோமனாக நடித்தார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

1984-ல் சாரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் மாநில அரசு நடத்திய கோடைக்கால கலைப் பயிற்சிக்குப் போனார். அங்கே இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள்: பென்னட் மில்லர், டான் ஃபட்டர்மன். இவர்களையும் ஞாபகத்தில் வையுங்கள்.

1989-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நாடகப் படிப்பை முடித்தார். அந்த நாட்களில்தான் குடியும் போதைப்பொருளும் பழக்கமாகின. அதை அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 22 வயதில் மறுவாழ்வு மையத்துக்குப் போய் முழுசாக நிறுத்தினார். அதன்பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாகத் தொடவில்லை.

சினிமாவில் முதல் பெரிய வாய்ப்பு 1992-ல் அல் பசினோ நடித்த 'சென்ட் ஆஃப் எ வுமன்'. அதற்கு முன்புவரை கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்குக் கிடைத்தது பணக்கார வீட்டு மாணவன் வேடம், நண்பனை மாட்டிவிடுகிற கோழை. சின்ன வேடம்தான். ஆனால் அதைப் பார்த்த ஒரு இளைஞர், தான் படம் எடுத்தால் இவர் கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்தார். அவர்தான் பால் தாமஸ் ஆண்டர்சன். 'ஹார்ட் எய்ட்', 'பூகி நைட்ஸ்', 'மேக்னோலியா', 'பஞ்ச்-ட்ரங்க் லவ்', 'தி மாஸ்டர்' என ஆண்டர்சனின் ஐந்து படங்களில் ஹாஃப்மன் இருக்கிறார்.

லாபிரிந்த்: அந்தச் சின்னக் குழு எது?

இங்கே நியூயார்க் நாடக உலகத்தின் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 500 அல்லது அதற்கு மேல் இருக்கைகள் உள்ள பெரிய அரங்குகள்தான் பிராட்வே. 100 முதல் 499 வரை என்றால் ஆஃப்-பிராட்வே. அதற்கும் கீழே போனால் ஆஃப்-ஆஃப்-பிராட்வே. தெருவின் பெயரை வைத்துச் சொல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் இது இருக்கைக் கணக்கு. இருக்கை குறையக் குறைய டிக்கெட் வசூலும் குறையும், நடிகர் சம்பளமும் குறையும்.

1992-ல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி நடிகர்கள் சிலர், தங்களுக்கு வேடமே கிடைப்பதில்லை என்று ஒன்றுசேர்ந்து தொடங்கிய குழுதான் 'லாபிரிந்த்'. பிறகு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். 1990-களின் நடுவில் ஹாஃப்மன் உள்ளே வந்தார். சில வருஷங்களில் ஜான் ஓர்டிஸுடன் சேர்ந்து குழுவின் கலை இயக்குநர் ஆனார். இது கௌரவப் பதவி இல்லை. எந்த நாடகம் போடுவது, காசு எங்கே புரட்டுவது, யாரை உட்காரவைத்து எழுத வைப்பது என எல்லாம் இவர்கள் தலையில்தான்.

அங்கே அவர் நடித்ததைவிட இயக்கியதே அதிகம் பேசப்படுகிறது. ஸ்டீவன் ஆட்லி கிர்கிஸ் என்ற நாடக ஆசிரியரின் ஐந்து நாடகங்களை 1999 முதல் 2008 வரை வரிசையாக மேடையேற்றினார். அதில் ஒன்று, ரைக்கர்ஸ் ஐலண்ட் சிறையில் நடக்கும் 'ஜீசஸ் ஹாப்ட் தி ஏ டிரெயின்'. சின்ன அரங்கில் ஆரம்பித்து லண்டன் வரை போனது. இன்னொன்று 2005-ல் வந்த 'தி லாஸ்ட் டேஸ் ஆஃப் யூதாஸ் இஸ்காரியட்'. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்கு ஒரு நீதிமன்ற விசாரணை நடந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை. அன்று அதிகம் பேருக்குத் தெரியாத கிர்கிஸுக்கு 2015-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதைப் பார்க்க ஹாஃப்மன் இல்லை.

ஒரே நாடகம், இரண்டு வேடம்

2000-ம் ஆண்டு பிராட்வேயில் சாம் ஷெப்பர்டின் 'ட்ரூ வெஸ்ட்'. கதையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருவன் ஒழுங்கான திரைக்கதை எழுத்தாளன், இன்னொருவன் ஊர் சுற்றும் திருடன். ஹாஃப்மனும் ஜான் சி. ரைலியும் செய்த வேலை என்ன தெரியுமா? சில காட்சிகளுக்கு ஒருமுறை வேடத்தை மாற்றிக்கொண்டார்கள். இன்று அண்ணனாக நடித்தவர் சில நாளில் தம்பி. ஒரு நாடகத்தின் இரண்டு பெரிய பாத்திரங்களையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், எதிராளி நேற்று எப்படிச் செய்தார் என்பது தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதையே தன் வழியில் செய்ய வேண்டும். விளம்பர உத்தி என்று நினைத்தவர்களும் இருக்கலாம். ஆனால் அந்த வருஷம் டோனி விருதுக்கு இருவருமே சிறந்த நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

2003-ல் யூஜின் ஓநீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்', அதற்கும் பரிந்துரை. மொத்தம் மூன்று முறை டோனி பரிந்துரை, ஒருமுறையும் விருது இல்லை.

'கபோடி': பள்ளி நண்பர்கள் எடுத்த படம்

சுயாதீன சினிமா என்றால் பெரிய ஸ்டூடியோக்களின் பணமும் கட்டளையும் இல்லாமல் எடுக்கும் படம் என்று பொதுவாகச் சொல்லலாம். கையில் காசு குறைவு, ஆனால் முடிவு உங்களுடையது. ஹாஃப்மனின் நல்ல வேடங்களில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன. 1998-ன் 'ஹேப்பினஸ்' படத்தில் முன்பின் தெரியாத பெண்களுக்குப் போன் செய்து ஆபாசமாகப் பேசும் தனிமைக்காரர். பார்க்கவே சங்கடமான வேடம். எந்த ஹீரோவும் ஒப்புக்கொள்ள மாட்டார். 2002-ல் 'லவ் லைசா'வில் மனைவி தற்கொலை செய்துகொண்டபின் நொறுங்கிப்போகும் கணவர். அதன் திரைக்கதையை எழுதியவர் அவருடைய சொந்த அண்ணன் கார்டி ஹாஃப்மன்.

இந்த வரிசையில்தான் 2005-ல் 'கபோடி' வருகிறது. கான்சாஸில் ஒரு விவசாயக் குடும்பமே கொல்லப்பட்ட வழக்கை வைத்து எழுத்தாளர் ட்ரூமன் கபோடி புத்தகம் எழுதியபோது நடந்தவைதான் கதை. தூக்குக்குக் காத்திருக்கும் கைதியிடம் நட்பாகப் பழக வேண்டும், ஆனால் அவன் தூக்கில் போனால்தான் புத்தகம் முடியும். அந்த இழுபறிதான் படம். சரி, இயக்கியது யார்? பென்னட் மில்லர். திரைக்கதை? டான் ஃபட்டர்மன். ஆமாம், கோடைப் பயிற்சியில் கிடைத்த அதே இரண்டு பேர். மில்லருக்கு இதுதான் முதல் கதைப்படம். ஃபட்டர்மனுக்கு முதல் திரைக்கதை. செலவு சுமார் 70 லட்சம் டாலர்தான். கான்சாஸ் கதையைக் கனடாவின் வின்னிபெக் பக்கத்தில் எடுத்தார்கள்.

கபோடியின் கீச்சுக் குரலையும் கையசைவையும் போலி செய்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை, மிமிக்ரி கலைஞர்களே செய்துவிடுவார்கள். ஹாஃப்மன் செய்தது வேறு. அந்தக் குரல் பத்து நிமிஷத்தில் நமக்குப் பழகிவிடும். அதன்பிறகு கண்ணில் ஓடும் பேராசையும் குற்ற உணர்வும்தான் தெரியும். ஹீத் லெட்ஜர், வாக்கின் ஃபீனிக்ஸ் ஆகியோரைத் தாண்டி ஆஸ்கர் அவருக்கு வந்தது. மேடையில் நின்று, நான்கு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த அம்மாவைப் பார்த்தால் வாழ்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அதன்பிறகு கதை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பெரிய படம் ஒன்று, பிறகு மேடை, பிறகு வசூல் ஆகாது என்று தெரிந்தும் ஒரு படம். 2008-ல் சார்லி காஃப்மனின் 'சினெக்டகி, நியூயார்க்' போட்ட பணத்தில் கால்வாசியைக்கூட எடுக்கவில்லை. ஆனால் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அதைத்தான் அந்தப் பத்தாண்டின் சிறந்த படம் என்றார். நடிகர்களை வைத்துக்கொண்டு கிடங்கு ஒன்றுக்குள் நியூயார்க் நகரத்தையே கட்டிப் பார்க்கும் நாடக இயக்குநரின் கதை. ஹாஃப்மனைத் தவிர வேறு யாரை யோசிப்பது?

மறுபடியும் வில்லி லோமன்

2012-ல் பள்ளியில் போட்ட அதே வேடம், இந்த முறை பிராட்வேயில். மைக் நிக்கல்ஸ் இயக்கம். வில்லி லோமனுக்கு 63 வயது, ஹாஃப்மனுக்கு 44. வயது பொருந்தவில்லை என்று சிலர் சொன்னார்கள். 1949-ல் முதன்முதலில் வில்லியாக நடித்த லீ ஜே. காப்புக்கு 37 வயதுதான் என்பதை மறந்துவிட்டார்கள் போல! வேலையும் போய், மகனும் விலகி, கடைசியில் தன் உயிரையே இன்சூரன்ஸ் பணமாகக் கணக்குப் போடும் ஒரு விற்பனைப் பிரதிநிதியாகச் சுமார் மூன்று மாதம் வாழ்ந்தார். மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதை நாடகம் வென்றது.

அந்த வேடம்தான் அவரை உடைத்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் போதைக்குத் திரும்புவது ஒரு நாடகத்தால் விளங்கிவிடுகிற விஷயமில்லை. தெரிந்தது இவ்வளவுதான்: இருபது வருஷத்துக்கும் மேல் விலகியிருந்தவர் மறுபடி விழுந்தார். 2013-ல் சிகிச்சைக்குப் போனார். 2014 பிப்ரவரி 2-ம் தேதி மன்ஹாட்டன் குடியிருப்பில் இறந்துகிடந்தார். ஹெராயின் உட்படப் பல போதைப்பொருட்கள் கலந்ததே காரணம் என்றது மருத்துவ அறிக்கை. வயது 46. மூன்று பிள்ளைகள். மூன்று நாள் கழித்து பிராட்வே அரங்குகளின் வெளி விளக்குகள் ஒரு நிமிடம் அணைக்கப்பட்டன.

ஒரு பொய்ச் செய்தியிலிருந்து வந்த பரிசு

ஹாஃப்மன் இறந்த அதே வாரம், 'நேஷனல் என்கொயரர்' இதழ் அவருடைய நண்பரும் நாடக ஆசிரியருமான டேவிட் பார் காட்ஸின் பேட்டி என்று ஒன்றை வெளியிட்டது. அப்படி ஒரு பேட்டியே நடக்கவில்லை. காட்ஸ் வழக்குப் போட்டார். இதழ் மன்னிப்புக் கேட்டு, பணம் கொடுத்துச் சமரசம் செய்தது. அந்தப் பணத்தைக் காட்ஸ் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஹாஃப்மன் நினைவாக 'ரிலென்ட்லெஸ்' என்ற விருதைத் தொடங்கினார். தொடங்கியபோது, இன்னும் மேடையேறாத ஒரு புது நாடகத்துக்கு 45,000 டாலர் என்று வைத்தார்கள். இதைப் பெற்ற நாடகங்களில் ஒன்றான கிளேர் பாரனின் 'டான்ஸ் நேஷன்' பிறகு புலிட்சர் இறுதிப் பட்டியல் வரை போனது.

'ஹங்கர் கேம்ஸ்' கடைசிப் பாகத்தில் அவருக்கு இன்னும் சில நாள் படப்பிடிப்பு மீதமிருந்தது. கணினியில் முகத்தை உருவாக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அவர் பேச வேண்டிய வசனத்தைக் கடிதமாக்கி, வூடி ஹாரல்சன் வாசிப்பதாக மாற்றினார்கள். மகன் கூப்பர் ஹாஃப்மன் 2021-ல் 'லிகரிஷ் பீட்ஸா' படத்தில் நாயகனாக அறிமுகமானார். இயக்கியவர், வேறு யார், பால் தாமஸ் ஆண்டர்சன்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'கபோடி', 'தி மாஸ்டர்', 'டவுட்' மூன்றும் எல்லோரும் சொல்வதுதான். சிக்கல் என்னவென்றால் அவர் உயிரைக் கொடுத்த மேடை வேலை எதுவும் நாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி படமாக வெளிவரவில்லை. அன்று அரங்கில் இருந்தவர்களோடு போயிற்று. கிட்டத்தட்ட நெருங்கிவரும் ஒரே படம் 2010-ல் வந்த 'ஜாக் கோஸ் போட்டிங்'. ஆஸ்கருக்கு அடுத்த வருஷம் நடித்தார் என்று மேலே சொன்னோமே, அந்த லாபிரிந்த் நாடகம்தான் இது. ஹாஃப்மன் இயக்கிய ஒரே சினிமாவும் இதுதான். நீந்தவும் சமைக்கவும் தெரியாத ஒரு லிமோசின் டிரைவர், ஒரு பெண்ணுக்காக இரண்டையும் கற்றுக்கொள்வார். கூடவே நடிப்பவர் ஜான் ஓர்டிஸ், மேடையிலும் அவரேதான். ஒன்றரை மணி நேரம்தான், சண்டையும் கிடையாது.